பெச் 0719

வெல்லம்பிட்டியில் ஆற்று வாடை அடிக்கும் ஒழுங்கையின் கடைசியில்
எங்கள் பக்டரிக்குப் பெயர்ப்பலகை இல்லை.
பெயர் ஒட்டுவதுதான் எங்கள் தொழில்,
மற்றவர்களின் பெயர்.

எட்டு மணிக்கு நீரைச் சூடாக்க வேண்டும்.
பக்கத்துப் பாத்திரத்தில் எண்ணெயும் மெழுகும்.
எழுபத்தைந்து பாகையில் இரண்டும் சந்திக்க வேண்டும்,
ஒன்று முந்தி ஆறினால்
கட்டி கட்டியாய்த் திரண்டுபோகும்,
பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்தி வீடு போல.

ஒரே தொட்டி. இருநூறு கிலோ வெள்ளை.
எண்பது கிலோ தாமரை வரைந்த பிளாஸ்டிக் டப்பாவில் போய்
புறக்கோட்டை நடைபாதையில் முந்நூற்றைம்பது ரூபா.
எழுபது கிலோ கறுப்புக் கண்ணாடியில்,
பிரெஞ்சு மாதிரி ஒலிக்கும் ஒரு பெயரோடு
கொள்ளுப்பிட்டியில் நாலாயிரத்து எண்ணூறு.
மிச்சம் ஒரு ஹோட்டலின் குளியலறைக்கு, இலவசம்.
வாசனை மட்டும்தான் வேறு:
டப்பாவுக்கு மல்லிகை, ஹோட்டலுக்கு எலுமிச்சை,
கண்ணாடிக்கு ஒன்றுமில்லை.
"ஒன்றுமில்லைக்குத்தான் மிஸ் விலை கூட,"
என்பாள் நிஸ்மியா, நிரப்பும் மெஷினில் இருந்து தலை தூக்காமல்.

போன மாசியில் ஒருவர் வந்தார்.
தொலைபேசியில் ஒரு பெண்ணின் இரண்டு முகங்கள்,
முன்னது மாநிறம், பின்னது சுண்ணாம்பு.
"ஏழு நாளில் இப்படி வேணும்.
என்ன போடுவீங்களோ, லேபலில எழுதத் தேவையில்லை."
ஈரப்பதன் காக்கும், அவ்வளவுதான் என்றேன்.
"அதை ஆர் பிள்ளை வாங்குறது?"
என் முகத்தைப் பார்த்தார்.
அதன் நிறத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.
பிறகு விலைப்பட்டியலை.

அந்த ஓடர் பேலியகொடைக்குப் போயிற்று.
அந்த மாதம் ஒருவருக்கும் ஓவர்டைம் இல்லை.
நிஸ்மியா ஒன்றும் கேட்கவில்லை,
மூடிகளை மட்டும்
தேவைக்கு மேல் இறுக்கித் திருகினாள்.

இன்று மாதிரி அலமாரியைத் துப்புரவாக்கும் நாள்.
ஒவ்வொரு பெச்சிலும் மூன்று டப்பா எடுத்து வைப்போம்.
ஒன்று நாற்பத்தைந்து பாகை அடுப்புக்கு.
அங்கே மூன்று மாதம் என்றால்
வெளியே இரண்டு வருடம் என்பது கணக்கு.
முதுமையை முன்கூட்டியே வாங்கிப் பார்க்கும் பெட்டி அது.

கீழ்த் தட்டில் 0719.
கரண்ட் வெட்டிய வருடம். தொட்டி சுழலும்போது நின்றது.
ஜெனரேட்டரின் கான்
காலையில் இருந்து டீசல் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.
ஸ்டீல் துடுப்பை எடுத்து
நான், நிஸ்மியா, லேபல் ஒட்டும் சுசந்திகா,
கேற்றில் இருந்து காவலாளி லயனலும் வந்து
ஆளுக்குப் பத்து நிமிடம்,
வியர்வை விழாமல் நெற்றியில் துவாய் கட்டிக்கொண்டு,
ஆறும்வரை கலக்கினோம்.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் கையால் கலக்கியதற்குச்
சான்றிதழில் பெட்டி இல்லை.
விற்கவில்லை.

அடுப்பில் வைத்தது இருபதாம் நாளே பிரிந்தது,
மேலே எண்ணெய், கீழே கலங்கல் தண்ணீர்.
அலமாரியில் வைத்ததை இப்போது திறக்கிறேன்.
கரண்டியால் கீறினால்
கீறல் அப்படியே நிற்கிறது.
மூன்று வருடம். பிரியவில்லை.
ஏனென்று என்னிடம் விடை இல்லை.
அறிக்கையில் எழுத ஒரு நிரலும் இல்லை.

லேபலில் நாலு கையொப்பம்.
சுசந்திகா இப்போது ஜோர்தானில் காற்சட்டை தைக்கிறாள்.
லயனல் எங்கே என்று தெரியாது.
பதிவேட்டில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதி
பேனையை மூடும்போது
நிஸ்மியா வந்து நின்றாள்,
ஸ்பிரிட் துடைத்துத் துடைத்து வெடித்த கையோடு.
விரலால் கொஞ்சம் தோண்டி
மொழிகளில் பூசி,
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஒட்டல்ல மிஸ்," என்றாள்.
மற்றக் கையையும் நீட்டினாள்.